மூணாம் செவ்வாய் விரதம்

தம்பி, சன்னல் ஓரம் நீங்களே இருங்க, எனக்கு இந்தப் பக்கம் போதும். நீங்க அருப்புக்கோட்டை இல்லையே? பந்தல்குடியும் இல்லையே? தூத்துக்குடியா, அப்ப சரி. நிம்மதியாப் பேசலாம். எங்க ஊர்க்காரங்க யாராவது பக்கத்துல உக்காந்துட்டா, நான் மதுரை வர்ற வரைக்கும் தூங்குற மாதிரியே வருவேன். தூங்காம கண்ணை மூடிக்கிட்டு வர்றது லேசுப்பட்ட வேலை இல்ல தம்பி.

குடும்ப விஷயத்துல நான் ரொம்பக் கெட்டி. ஒரு வார்த்தை வெளிய போகாது. இப்ப உங்ககிட்ட சொல்றேன்னா நீங்க வேத்தாளு, மாட்டுத்தாவணியில இறங்கிட்டா நீங்க யாரோ நான் யாரோ. நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடக்கூடாது. பின் சீட்டு அம்மா எந்த ஊருன்னு தெரியல, அதனால மெதுவாப் பேசறேன். என்ன, கேக்கலயா? பஸ்ஸு இந்த இரைச்சல் போட்டா எப்படிக் கேக்கும். சரி, கொஞ்சம் சத்தமாவே பேசறேன்.

எனக்குப் பாத்திரக்கடை. எங்க ஊர்ல என் கடையில சீர்ப் பாத்திரம் எடுக்காத கல்யாணம் குறைச்சல். அதனால எந்தக் கல்யாணம் எதுக்கு நின்னு போச்சுன்னு கல்லாவுல உக்காந்தே நான் தெரிஞ்சுக்குவேன். பொண்ணுக்கு மூச்சிரைப்புன்னு யாரோ சொல்லி, பேரு வெட்டின அண்டா திரும்பி வந்திருக்கு. மாப்பிள்ளைக்குக் கண்ணாடி போடாம ஒண்ணும் தெரியாதுன்னு குத்துவிளக்கு திரும்பி வந்திருக்கு. பேரை அழிச்சு வேற பேரு வெட்டி வித்திருக்கேன். இவ்வளவையும் பார்த்தவன் என் பொண்ணு விஷயத்துல எப்படி இருப்பேன், சொல்லுங்க.

ஒரே பொண்ணு. கௌசல்யா. கௌசின்னு கூப்பிடுவோம். பதினோரு வயசு இருக்கும்போது தொண்டை வலிக்குதுன்னா. தொண்டை வலி யாருக்கு வரல? ஐஸ் தின்னிருப்பேன்னு நாலு திட்டு திட்டி உப்புத் தண்ணியில கொப்புளிக்கச் சொன்னோம், சரியாப் போச்சு. கொஞ்ச நாள் கழிச்சுக் காய்ச்சல். வலது முட்டி வீங்கி, தொட்டா அலறுறா. தைலம் தேச்சோம். ரெண்டு நாள்ல முட்டி சரியாகி இடது கணுக்கால் வலிக்குதுன்னா. அப்புறம் முழங்கை. எனக்குக் கோவம் வந்துடுச்சு. வலின்னா அதுக்கு ஒரு விலாசம் வேண்டாமா? வீடு வீடா வாடகைக்கா போகும்? கணக்குப் பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறான்னு ஸ்கூலுக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். மாடிப்படி ஏறும்போது உக்காந்துட்டா. மூச்சு வாங்குது.

அப்புறம்தான் மதுரையில குழந்தை டாக்டர்கிட்ட போனோம். அவர் மூட்டைப் பார்ப்பார்னு நான் நினைச்சா, நெஞ்சுல ஸ்டெத்தை வச்சுக்கிட்டு எடுக்கவே மாட்டேங்கிறார். ரத்தம் எடுத்தாங்க, ஈசிஜி எடுத்தாங்க, இதயத்தை ஸ்கேன் மாதிரி எக்கோன்னு ஒண்ணு எடுத்தாங்க. ருமாட்டிக் காய்ச்சல்னார். தொண்டையில வந்த கிருமியை எதிர்க்கக் கிளம்புன சக்தி, ஆள் தெரியாம சொந்த உடம்பையே அடிக்குதாம். மூட்டு தானாச் சரியாயிடும், இதயத்துல ஒரு வால்வு லேசாக் கசியுது, அதுதான் விஷயம்னார். இந்தக் காய்ச்சல் மறுபடி வராமப் பார்த்துக்கிட்டா கசிவு இப்படியே நின்னுடலாம், குறையக்கூடச் செய்யலாம். மறுபடி மறுபடி வந்தா வால்வு போயிடும். வராம இருக்க, மூணு வாரத்துக்கு ஒருக்க பென்சிலின் ஊசி. எத்தனை நாளைக்குன்னேன். நாள் இல்லைங்க, வருஷம்னார். கல்யாணம் ஆனாலும் போடணும், அதுபாட்டுக்கு அதுன்னார்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். வெளிய தெரியுமா டாக்டர்னு. ஸ்டெத் வச்சுக் கேட்டாத்தான் தெரியும்னார். எனக்கு அப்பத்தான் உயிரே வந்துச்சு. எங்க ஊர்ல பொண்ணு பார்க்க வர்றவங்க யாரும் ஸ்டெத் கொண்டு வர்றதில்ல.

அந்த ஊசியை எங்க ஊர் ஆஸ்பத்திரியிலேயே போடுவாங்க தம்பி. காசும் கிடையாது. ஆனா போடுற சிஸ்டர் எங்க தெருக்காரங்க. கனகமணி சிஸ்டர். நல்ல மனுஷிதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எங்க வீட்டுக்கு எதுத்த வீட்டுக்கு அடுத்த வீடு. அதனால மூணு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மதுரைக்கே கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். காலையில கிளம்பினா பொழுது சாயத்தான் திரும்புவோம். கடைக்குப் பூட்டு.

ஊர் சும்மா இருக்குமா? செவ்வாய் செவ்வாய் எங்கய்யா போறேன்னாங்க. கோயிலுக்கு, பொண்ணு பேர்ல ஒரு வேண்டுதல்னேன். அது என்ன மூணு வாரத்துக்கு ஒருக்கன்னாங்க. ஒரு சாமியார் சொன்னார்னேன். எந்தச் சாமியார்னாங்க. மௌனச் சாமியார்னேன். மௌனச் சாமியார் எப்படிச் சொன்னார்னு ஒருத்தன் கேட்டான், இப்படியும் ஆளுங்க இருக்காங்க பாருங்க. எழுதிக் காட்டினார்னு சொல்லிட்டேன். ஊசி போட்ட அன்னைக்குப் பிள்ளை இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டி வரும், கெட்டியான மருந்து, வலி அப்படி. அதையும் கேட்டாங்க. அங்கப்பிரதட்சணம்னு சொன்னேன். பத்து வருஷம் தம்பி. ஒருத்தனுக்கும் சந்தேகம் வரல.

சந்தேகம் வராததோட நின்னா பரவாயில்ல. மாவு மில்லு செண்பகம் அவங்களும் மூணு வாரத்துக்கு ஒரு செவ்வாய் விரதம் இருக்க ஆரம்பிச்சாங்க. அவங்க மகனுக்கு சிங்கப்பூர்ல வேலை கிடைச்சுடுச்சு. அவ்வளவுதான், தெருவே பிடிச்சுக்கிச்சு. விரதத்துக்கு என்ன முறைன்னு எங்க வீட்ல வந்து கேட்டிருக்காங்க. எங்க வீட்டம்மா சந்திரா, பாவம், பொய் சொல்லிப் பழக்கம் இல்ல, உப்பில்லாமச் சாப்பிடணும்னு வாயில வந்ததைச் சொல்லிட்டா. இன்னைக்கு வரைக்கும் எங்க தெருவுல மூணாம் செவ்வாய்க்கு இட்லியில உப்பு கிடையாது. அஞ்சாறு வருஷம் முன்னாடி ஒரு அம்மாவுக்குப் பிள்ளையே பிறந்துச்சு, அந்தப் பிள்ளைக்கு நான்தான் வெள்ளி அரைஞாண் போட்டேன்.

அந்தப் புகழ்லதான் ராஜபாளையத்துல இருந்து வரன் வந்துச்சுன்னு நான் நினைச்சேன். பையன் ராம்பிரகாஷ், பேங்க்குல வேலை. அப்பா கந்தவேல், உரக்கடை வச்சிருக்கார். ஒரு தங்கச்சி, நிவேதா. ரொம்ப மரியாதையான குடும்பம். எதுவும் கேக்கல. இவ்வளவு பக்தியான பொண்ணு கிடைக்கிறது அபூர்வம்னு கந்தவேல் அண்ணாச்சி சொன்னார். கௌசி அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. நிச்சயமும் பண்ணிட்டோம். சம்பந்திக்கு நானே கடைக்குப் போய், கட்டம் போட்ட பச்சைச் சட்டை எடுத்துக் குடுத்தேன்.

இப்பத்தான் தம்பி விஷயத்துக்கே வர்றேன். நான் ஆஸ்பத்திரிக்குப் போனா உள்ள போக மாட்டேன். கேட்டுக்கு எதுத்தாப்ல டீக்கடையில, துண்டைத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். கௌசி மட்டும் உள்ள போய் வரிசையில நின்னு போட்டுட்டு வருவா. நிச்சயம் முடிஞ்சு அடுத்த செவ்வாய், அவ ஊசிச் சீட்டை என் பையிலேயே விட்டுட்டுப் போயிட்டா. குடுக்கறதுக்காக நான் உள்ள போறேன். மாஸ்க் போட்டிருக்கேன், துண்டு போட்டிருக்கேன். ஊசி போடுற ரூம் வாசல்ல பெஞ்சு. பெஞ்சுல ஒரு ஆளு மாஸ்க், கூலிங்கிளாஸ், அதுக்கு மேல ஹெல்மெட். கட்டடத்துக்குள்ள ஹெல்மெட். யாருடா இவன், இப்படி ஒரு கோழைன்னு நினைச்சேன். கீழ பார்த்தா கட்டம் போட்ட பச்சைச் சட்டை.

நான் எடுத்துக் குடுத்த சட்டையை எனக்குத் தெரியாதா?

சம்பந்தி, நீங்க எங்க இங்கன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழட்டல. "பொண்ணுக்குப் பல்லுல கம்பி மாட்டணும், அதுக்காக வந்தோம்" அப்படின்னார். நீங்கன்னு கேட்டார். "கோயிலுக்கு வந்தோம்" அப்படின்னேன். எங்க தலைக்கு மேல ருமாட்டிக் இதய நோய்ப் பிரிவுன்னு இவ்வளவு பெருசா போர்டு. அதுக்குள்ள ரூம்ல இருந்து என் பொண்ணும் அவர் பொண்ணும் ஆளுக்கொரு பக்கம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, சிரிச்சுப் பேசிக்கிட்டே வெளிய வருதுங்க. எங்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்னு போச்சு. நாங்க ரெண்டு பேரும் கேண்டீன்ல காப்பி குடிச்சோம். மழை இந்த வருஷம் எப்படின்னு பேசிட்டு அவர் ராஜபாளையம் பஸ் ஏறிட்டார், நான் அருப்புக்கோட்டை பஸ் ஏறிட்டேன்.

எவ்வளவு பெரிய மோசடி பாருங்க. வீட்ல ஹார்ட் நோயாளிப் பொண்ணை வச்சுக்கிட்டு, பல்லு பல்லுன்னு சொல்லி ஊரை ஏமாத்தியிருக்காங்க. அந்தப் பொண்ணு பல்லுல ஒரு கம்பி கிடையாது, நான் நல்லாப் பார்த்தேன். இப்படி மறைக்கிறவங்க வேற எதையெல்லாம் மறைப்பாங்க? அன்னைக்கே போன் போட்டுச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிட்டேன்.

கௌசி என்கிட்ட வந்து நின்னா. அப்பா, எனக்கும் அதே வியாதிதானேன்னா. உனக்கு இருக்கிறது ஊருக்குத் தெரியாதேம்மா, அது வேற இது வேறன்னு எடுத்துச் சொன்னேன். அவளுக்குப் புரியல. படிச்ச பிள்ளை, எம்.காம். அப்பத்தான் சொல்றா, நிவேதாவை அவளுக்கு காலேஜ் காலத்துல இருந்தே பழக்கமாம். ஒரே வரிசை, ஒரே ஊசி. நிவேதாதான் தன் அண்ணன்கிட்ட இவளைப் பத்திச் சொல்லியிருக்கா. வால்வு, ஊசி, எல்லாம். அந்தப் பையன் டாக்டர்கிட்ட தனியாப் போய் விவரம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பொண்ணு பார்க்கவே வந்தானாம். அவங்கப்பாவுக்கு மட்டும்தான் சொல்லலையாம். நான் பத்து வருஷமா உப்புப் போடாம காப்பாத்தின ரகசியத்தை இவ ஒரு பெஞ்சுல உக்காந்து தூக்கிக் குடுத்துட்டா.

கந்தவேல் அண்ணாச்சி அதுக்கப்புறம் வீடு தேடி வந்தார், அதையும் சொல்லணும். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கஷ்டம், பிள்ளைங்க ஒண்ணா இருக்கட்டும் அண்ணாச்சின்னார். எனக்கு என்ன கஷ்டம், எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையேன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன். தெருவுல ஆள் நின்னுச்சு தம்பி, நான் என்ன பண்ணட்டும்.

அப்புறம் மூணு வாரம் வந்துச்சு. மதுரை ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது? அந்த வரிசையில அவங்க நிப்பாங்க. அவளைத் தனியா அனுப்பினா அந்தப் பையனைப் பார்க்கப் போயிடுவாளோன்னு ஒரு பயம். எங்க ஊர்ல போடலாம்னா கனகமணி சிஸ்டர். விருதுநகர்ல ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். பென்சிலினா, சிலருக்கு ஒத்துக்காம ஏதாவது ஆயிடும், எங்களால முடியாதுன்னுட்டாங்க. சரி, ஒரு ஊசிதானே, பத்து வருஷமாப் போட்டதெல்லாம் உடம்புல சேர்ந்திருக்காதா, பேங்க்ல போட்ட மாதிரின்னு நினைச்சேன். அந்த மூணு வாரம் போச்சு. அடுத்த மூணு வாரம் போச்சு. முதல்ல கௌசி செவ்வாய்க்கு முன்னாடி நாள் கேப்பா, அப்பா நாளைக்குப் போவமான்னு. பார்ப்போம்மான்னு சொல்லுவேன். அப்புறம் கேக்கறதை விட்டுட்டா. கேக்காம இருந்ததும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு.

ஐப்பசி மழையில தொண்டை வலின்னா. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தேன். மழை விட்டுச்சு, காய்ச்சல் வந்துச்சு. முட்டி வீங்குச்சு. அந்த முட்டியைப் பார்த்ததும் சந்திரா சுவத்துல சாஞ்சு அழ ஆரம்பிச்சுட்டா. அழுதா அக்கம்பக்கத்துக்குக் கேக்கும்னு நான் டிவியைச் சத்தமா வச்சேன். ரெண்டு நாள்ல பிள்ளையால படுக்க முடியல, படுத்தா மூச்சு முட்டுது. தலையணையை அடுக்கி உக்கார வச்சிருந்தோம். நான் ஒரு காரை வரச் சொல்லி, தெருக்கோடியில நிக்கச் சொல்லலாம்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன், சந்திரா நேரா வாசலைத் தாண்டிப் போய் கனகமணி சிஸ்டரைக் கூட்டிட்டு வந்துட்டா. இருபத்தஞ்சு வருஷத்துல என்னைக் கேக்காம அவ செஞ்ச முதல் காரியம்.

சிஸ்டர் வந்து நாடி பிடிச்சாங்க, உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாங்க. நான் ஆம்புலன்ஸ் பையன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், சைரன் போடாமப் போகமுடியுமான்னு. அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே. தெரு பூராவும் வாசல்ல நிக்குது. என்னாச்சு என்னாச்சுன்னு கேக்குறாங்க. விரதம் கடுமையாயிடுச்சு, மயக்கம்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? இப்ப எங்க தெருவுல அவளுக்காக எல்லாரும் மூணாம் செவ்வாய் மட்டும் இல்லாம எல்லாச் செவ்வாயும் விரதம் இருக்காங்க.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா எக்கோ பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டாங்க. சின்ன வயசு, எங்க கௌசியை விட நாலஞ்சு வயசு கூட இருக்கும். ஊசியை ஏன் நிறுத்தினீங்கன்னாங்க. வீட்ல சூழ்நிலை சரியில்லைன்னேன். என்ன சூழ்நிலைன்னாங்க. அவங்க திட்டல தம்பி. திட்டியிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன். இவ்வளவு வருஷம் ஒழுங்காப் போட்டதால வால்வு கிட்டத்தட்ட நல்லா இருந்துச்சு, பழைய எக்கோவைப் பாருங்கன்னு எடுத்துக் காட்டினாங்க. இப்ப கசிவு மோசமாயிடுச்சு, காய்ச்சலையும் வீக்கத்தையும் மருந்துல அடக்கிட்டோம், ஆனா வால்வுக்கு ஆபரேஷன் பண்ணியாகணும், சரிபண்ண முடியலைன்னா மாத்தணும்னாங்க. வேற வால்வு வச்சா ஆயுசுக்கும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, பிள்ளை பெத்துக்கிறதுலயும் சிக்கல் இருக்குன்னாங்க. அந்த ஊசியையும் விட முடியாதாம். என் பிள்ளை தம்பி. கையில தூக்கி வளர்த்த பிள்ளை.

ஆபரேஷனுக்கு ரத்தம் வேணும். எந்த குரூப்பா இருந்தாலும் பரவாயில்ல, அவளுக்கு எடுக்கிறதுக்கு ஈடா ரத்த வங்கியில மூணு பேரு வந்து குடுத்தா நல்லதுன்னாங்க. நான் குடுக்கறேன்னு கையை நீட்டினேன், சுகருக்கு இன்சுலின் போடுறவர்கிட்ட எடுக்க மாட்டோம்னுட்டாங்க. சந்திராவுக்கு ரத்தமே கம்மியாம். திரும்பிப் பார்த்தா அந்தப் பையன் ராம்பிரகாஷ் சட்டைக் கையை மடக்கிக்கிட்டு வெளிய வர்றான். என்னை ஒரு வார்த்தை கேக்கல. குடுத்துட்டான். அவனுக்குப் பின்னாடி கந்தவேல் அண்ணாச்சி, ஹெல்மெட் இல்ல, மாஸ்க் இல்ல, கையில ஜூஸ் டம்ளர். அவரும் குடுத்துட்டார். நிவேதா அங்கேயே தங்கி என் பொண்ணுக்குத் தலை வாரி விடுது. சம்பந்தம் வேண்டாம்னு சொன்ன வீட்டு ரத்தத்தை வச்சுத்தான் என் பொண்ணுக்கு ஆபரேஷன் நடக்கப்போகுது. மரியாதைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? எங்க பக்கத்துல ஒரு ஆளு வேண்டாமா?

நான் இதைத்தான் கௌசிகிட்ட சொன்னேன். அவளுக்குப் பேச மூச்சு பத்தல, நிறுத்தி நிறுத்திப் பேசுறா.

"அப்பா, நம்ம ஊர்ல இருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க. ஒரே ஒரு ஆளு. எனக்கு என்னன்னு அவங்ககிட்ட உங்க வாயால சொல்லிக் கூட்டிட்டு வாங்க. நான் ஒண்ணும் தப்புப் பண்ணிட்டு இங்க வந்து படுத்திருக்கலப்பா."

இன்னைக்குக் காலையில அதுக்குத்தான் ஊருக்கு வந்தேன். ஆபரேஷன் நாளைக்கு. நேரா எங்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூடப் பிறந்தவரு. ரெண்டு பசங்க, ரெண்டு பேரும் காளை மாடு மாதிரி இருக்கானுங்க. அண்ணன் என்னைப் பார்த்ததும் கௌசி எப்படிடான்னு எந்திரிச்சுட்டார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மதினி காப்பியோட வந்தாங்க. அவங்க தங்கச்சி வீட்ல ஒரு பையன் இருக்கான், கௌசிக்குக் கேக்கலாம்னு ஒரு பேச்சு உண்டு. விரதம் முடிச்சு நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன். அப்புறம் செண்பகம் வீடு. அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க, எங்க பிள்ளைக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க அண்ணாச்சின்னாங்க. குங்குமம் வாங்கிக்கிட்டு வந்தேன். கடைப் பசங்ககிட்ட போனேன். சில்லறை சரியா இருக்கான்னு கேட்டுட்டு வந்தேன். கனகமணி சிஸ்டர் வாசல்லயே நின்னாங்க, நான் வரட்டுமான்னு அவங்களாவே கேட்டாங்க. உங்களுக்கு எதுக்கு சிரமம்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். எல்லாரும் வருவாங்க தம்பி. கேட்டா மொத்தத் தெருவும் வரும். அதுதான் பயமா இருக்கு.

காரியாபட்டி எப்பவோ போயிடுச்சு, மதுரை வந்தாச்சு பாருங்க. உங்களுக்குச் சுகர், பிரஷர் ஒண்ணும் இல்லையே? ஆஸ்பத்திரி வரைக்கும் ஆட்டோவுக்கு நான் குடுத்துடறேன். ரத்தம் குடுக்கறது அரை மணி நேர வேலைதான், ஜூஸும் பிஸ்கட்டும் குடுக்கறாங்க. குடுத்துட்டு வார்டுல ஒரு நிமிஷம் தலையைக் காட்டினாப் போதும். அருப்புக்கோட்டைன்னு சொல்லுங்க. எனக்குச் சித்தப்பா மகன்னு சொல்லுங்க. எல்லாத்தையும் மாமா என்கிட்ட சொன்னாருன்னு, இல்ல, அண்ணன்னு சொல்லணும், அண்ணன் எல்லாத்தையும் என்கிட்ட சொன்னாருன்னு சொல்லுங்க. அது பொய் இல்லையே, சொல்லியிருக்கேனே. அவ உங்களை உத்துப் பார்ப்பா. பார்த்தா பார்க்கட்டும், நீங்க சிரிங்க. பிள்ளை நாளைக்கு அந்தக் கதவுக்குள்ள போகும்போது எங்கப்பா ஒரு ஆள்கிட்டயாவது சொல்லிட்டாருன்னு நினைச்சுக்கிட்டுப் போகட்டும்.

எந்திரிங்க தம்பி, எல்லாரும் இறங்குறாங்க. பையை நான் தூக்கிக்கிறேன். உங்க பேரு என்னன்னு நான் கேக்கவே இல்லையே. பரவாயில்ல, சொல்ல வேண்டாம். உங்களுக்குன்னு ஒரு பேரு நான் வச்சிருக்கேன்.